கலர் வாங்காத வீடு

சிறு வயதில் எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஓட்டுக் கேட்டு வருகிறவர், பள்ளிக்கூடத்து வாத்தியார், அம்மா வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியின் கணக்கப்பிள்ளை என்று யார் வாசலை மிதித்தாலும் கடைக்கு ஆள் ஓடும். கலர் வரும். ஆரஞ்சோ பன்னீர் சோடாவோ, பாட்டிலை வந்தவர் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். அவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, நாகரிகமாக மீதியை வைத்துவிட்டுப் போவார். அந்த மீதி என்னுடையது.

ஏன் கலர் மட்டும், ஏன் நம் வீட்டு மோர் ஆகாது என்று ஒருநாள் கேட்டேன். கருவாட்டைக் கழுவிக்கொண்டே அம்மா, "நம்ம கை படாததாப் பாத்துக் குடிக்காகடி" என்றாள். வெளியே வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து கலர் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் கோபத்தோடேயே குடித்தேன், அதுவும் கடைசிச் சொட்டு வரை.

எங்கள் ஆட்கள் முன்பு அடுத்தவர் மானாவாரிக் காட்டில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். மழை பொய்த்தபோது காடு இருந்தவர்கள் அதை விற்றுக் கடை வைத்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் போட்டார்கள், அச்சகம் போட்டார்கள். விற்க ஒன்றும் இல்லாதவர்கள் அந்த ஆபீஸ்களுக்கு வேலைக்குப் போனார்கள். ஏற்றத்தாழ்வு எப்படி வருகிறது என்பதைப் பற்றி நான் கற்ற பாடம் அவ்வளவுதான், மிச்சத்தைச் சாதி பார்த்துக்கொண்டது. மழை பெய்தால் கஞ்சி என்று இருந்தவர்களுக்கு, மழை பெய்தால் பட்டாசு காயாது, வேலை கிடையாது என்று ஆகிப்போனது. ஆனைக்குட்டம் அணைப் பக்கம் மேகம் கறுத்தால் முதலாளி வீட்டில் வடைக்கு எண்ணெய் காயும். எங்கள் வீட்டில் அம்மா வானத்தைத் திட்டுவாள். சீமைக்கருவேலம் மட்டும்தான் யார் இடம் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் முளைத்தது.

இப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறேன். என் சம்பளமும் அம்மா பிடித்த சீட்டும் சேர்ந்து போன வருஷம் ஒரு வீடாக நின்றன. கூடமும் அடுப்படியும் வழுவழு தரையுமாகச் சின்ன வீடுதான். ஆனால் பூச்சு வேலை முடிந்த அன்று அம்மா ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, வீடுல்ல இது!" என்று தன் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னாள்.

பால் காய்ச்ச நாள் குறித்தோம். புது அடுப்பில் பொங்கிய பாலை அன்றைக்கு வாசல் ஏறும் ஒவ்வொருவரும் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். அப்போதுதான் வீடு துலங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா தன் முதலாளியம்மாவையும் அழைத்தாள். நல்ல மனுஷிதான். தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவார். வீடு கட்ட மணல் தட்டுப்பாடானபோது ஒரு லோடு அனுப்பி வைத்தவரும் அவர்தான். அவருக்குக் கொடுக்கத் தெரியும், எங்கள் கையிலிருந்து ஒன்றும் வாங்கத்தான் தெரியாது.

"அவுக வந்து இந்தப் பாலைக் குடிக்கணும். குடிக்காமப் போனா எனக்கு வீடு கட்டுன மாதிரியே இருக்காது" என்றாள் அம்மா. அப்பா வழக்கம்போல அவள் சொல்வதுதான் சரி என்றார்.

அன்று விடியலில் பால் பொங்கி வழிந்தது, குலவை போட்டோம். வெளிச்சம் வந்ததும் மாமா ஒரு பெட்டி நிறையக் கலர் பாட்டில்களோடு வந்து இறங்கினார்.

"ஏலே, யாரு வாங்கச் சொன்னா?"

"முதலாளியம்மா வாராகல்லக்கா? பெரிய இடத்துக்கு வேற என்னத்தக் குடுக்க?"

மனிதர் பழக்கத்தில் செய்துவிட்டார். அம்மா பெட்டியைத் தூக்கி வேப்பமரத்தடியில் இருந்த கொத்தனார்களிடம் கொடுத்து, "ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது, குடிங்க" என்றாள். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர்கள் எங்கள் வீட்டுக்குச் செங்கல் எடுத்து வைத்ததில்லை.

கார் வந்தது. முதலாளியம்மா இறங்கி, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கியே!" என்று மனதாரப் பாராட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பால் டம்ளரோடு எதிரே நின்றாள்.

"எனக்குச் சுகர் இருக்குல்லம்மா. டாக்டர் சீனியே ஆகாதுன்னுட்டாரு."

அம்மா நீட்டிய டம்ளரை இறக்கவில்லை. மாமாவுக்குத்தான் சும்மா நிற்க ஆகாதே. "அப்ப ஒரு கலர் வாங்கியாந்திருதேம்மா!" என்றார்.

"ம், அது போதும்" என்றார் முதலாளியம்மா.

என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கலரில் இருக்கிற சீனிக்கு எறும்பே மயங்கி விழும். முதலாளியம்மாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் வேறொரு டம்ளரோடு வந்தாள்.

"இது சீனி போடாததும்மா. உங்களுக்குன்னு காலைலயே தனியா எடுத்து வச்சுட்டேன். குடிங்க."

இதற்குமேல் சொல்வதற்கு எந்த டாக்டரும் மிச்சம் இல்லை. முதலாளியம்மா வாங்கினார், குடித்தார். பிறகு டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தார். அம்மா கையை நீட்டினாள்.

"இங்கன குடுங்கம்மா. எங்க வீட்டுல குடிச்சவுக கழுவ வேண்டாம்."

ஆயுத பூஜை அன்று முதலாளி வீட்டுக் கொல்லையில் எங்கள் ஆட்கள் காபி குடித்தால், டம்ளரைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்துவிட்டுத்தான் வர வேண்டும். அம்மா குத்திக்காட்டவில்லை, சிரித்த முகத்தோடு உபசாரமாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. இதோ எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். மாமா ஓடிப்போய்க் கார் டிரைவரைக் கூப்பிடத் தயாராக வாசலில் நின்றார்.

அவர் எழவில்லை. காலி டம்ளரை அம்மாவின் முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

"சீனி போட்டதுதாம்மா இருக்கு."

"இருக்கட்டும், ஊத்து."

அம்மா விளிம்பு வரை ஊற்றினாள். வழிந்து புதுத் தரையில் பால் சிந்தியது, யாரும் துடைக்க ஓடவில்லை. முதலாளியம்மா அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே குடித்தார். இந்த முறை அவரே முதலில் சிரித்தார், பின்னாலேயே நாங்களும் சிரித்தோம்.

ஒரு டம்ளர் பாலில் ஒன்றும் சமமாகிவிடாது. திங்கட்கிழமை அம்மா அதே கம்பெனிக்கு, அதே கூலிக்குத்தான் போனாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று கார் கிளம்பிய மறுநிமிடம் என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"ரெண்டு டம்ளருடி!" என்றாள்.