கடைசிக் காட்சியைப் பற்றி நான் பேசவில்லை

படத்தையோ நாடகத்தையோ பார்த்துவிட்டு, கைப்பேசியை நிறுத்திவைத்து அதன் முன்னால் பேசி வீடியோ போடும் பழக்கம், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்கு வந்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டிலேயே அடைந்துகிடந்த அந்த மாதங்களில் கடல் கடந்து வரும் தொலைக்காட்சி நாடகங்களைப் பார்த்துப் பார்த்துக் கோபம் வந்து பேச ஆரம்பித்தேன். எந்நேரமும் பட்டுச் சேலையோடு அடுப்படியில் நிற்கும் மருமகள்கள். வேலைக்கே போகாத ஆண்கள். நம் ஊர் நாடகங்கள் பரவாயில்லை, அடுக்குமாடி வீடும் தொழிற்சாலைப் பேருந்தும் கண்ணில் படும். ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி பேசுவார்கள். இதையெல்லாம் சொன்னேன். கேட்க ஆட்கள் சேர்ந்தார்கள்.

முதல் ரசிகை, எங்கள் மாடியிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. திரையரங்குக்குப் போனாலும் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலும் இருவரும் சேர்ந்துதான். நான் குறை சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பார்.

“நீ படம் பாக்குறியா, கேஸ் நடத்துறியா?”

குண்டர் கும்பல் படங்களுக்கு மட்டும் நாங்கள் போனதில்லை. அக்காவின் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நடந்த வெட்டுக்குத்தில் இறந்துபோனவர். அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதன் பிறகு அப்படிப்பட்ட படம் வந்தால் நான் வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். அவரும் ஏன் என்று கேட்கமாட்டார்.

போன வருடம் உள்ளூர்ப் படம் ஒன்று வந்தது. சுவரொட்டியிலேயே பாராங் கத்தி. அக்காதான் என் கதவைத் தட்டிக் கேட்டார்.

“இந்தப் படத்துக்குப் போலாமா?”

“வேணாம்க்கா. வெட்டுக்குத்துப் படம்.”

“தெரியும். போலாம் லா.”

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. பேரங்காடித் திரையரங்கு நிரம்பியிருந்தது. கதாநாயகன் பாராங்கைத் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தபோது பின்வரிசையில் விசில் பறந்தது. யாரோ எழுந்து ஆடினார்கள். பக்கத்தில் பார்த்தேன். அக்கா சோளப்பொரியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கடைசியில் அவனைப் பின்சந்தில் வைத்து வெட்டுகிறார்கள். கூட்டம் கூடுகிறது. அம்மா ஓடி வருகிறாள். அவன் அவள் மடியில் தலைவைத்துப் பேசுகிறான். மன்னிப்புக் கேட்கிறான், தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறான், சின்ன வயதில் அவள் ஊட்டிய சோற்றைப் பற்றிப் பேசுகிறான். மழை வேறு பெய்கிறது. இத்தனை வெட்டு வாங்கியவன் இவ்வளவு பேசுவானா என்று எனக்குள் எரிச்சல் ஏறியது. வீடியோவில் என்ன சொல்வது என்று அங்கேயே மனதில் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

விளக்கு போட்டதும் பார்த்தால் அக்காவின் முகம் முழுக்கக் கண்ணீர். துடைக்கக்கூட இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். அவர் சோற்றைக் குழம்போடு பிசைந்துகொண்டே இருந்தார். அவரே சொன்னார்.

“நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். விசிலப் பத்திச் சொல்லு, கத்தியப் பத்திச் சொல்லு. நல்லாத் திட்டு. அந்தக் கடைசி சீன மட்டும் விட்டுடு.”

“ஏங்க்கா?”

“என் தம்பி ஒண்ணும் பேசல. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே துணி போட்டு மூடிட்டாங்க. பேசியிருந்தா என்ன பேசியிருப்பான்னு இத்தன வருஷமா நானே யோசிச்சி யோசிச்சிப் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னிக்கி ஒருத்தன் பேசிக் காட்டிட்டான். பொய்தான், எனக்குத் தெரியாதா? இருந்துட்டுப் போகட்டுமே.”

சரி என்றேன். வீடியோவில் மற்றதையெல்லாம் பேசினேன். நம் பையன்களைக் காட்ட இவர்களுக்கு வேறு வழியே கிடையாதா, விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கத்தியை நிஜத்தில் பார்த்திருப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். வசவுகள் வந்தன. உள்ளூர்ப் படத்தை உள்ளூர்க்காரியே கவிழ்க்கிறாள் என்றார்கள். ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: “கிளைமாக்ஸ் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல? அழுதுட்டீங்களா அக்கா?”

அக்கா அந்தப் படத்துக்கு மறுபடியும் போனார். வேலை முடிந்து தனியாக. அப்புறம் இன்னொரு தடவை. துணி காயப்போடும்போது கடைசிக் காட்சியின் வசனத்தை முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. நான் கேவலம் என்று நினைத்த ஒரு படம் அவருக்கு எதையோ கொடுத்துக்கொண்டிருந்தது. அதே படம் பின்வரிசைக்காரர்களுக்கு வேறொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அந்த வாரங்களில் எந்தப் படத்தைப் பற்றியும் முன்போல அடித்துப் பேச முடியவில்லை.

ஒருநாள் அக்கா வந்து கேட்டார்.

“அம்மாவக் கூட்டிட்டுப் போகவா?”

அவர் அம்மா, கடல் பாலத்துக்கு அப்பால் இருக்கும் புக்கிட் தெங்காவில் இளைய மகளோடு இருக்கிறார். படம் பார்க்கிற பழக்கமே இல்லாதவர்.

“எல்லாப் படத்துக்கும் கருத்து சொல்றியே, இதுக்கும் சொல்லு,” என்றார் அக்கா.

“அம்மா தாங்குவாங்களான்னு எனக்குத் தெரியலக்கா.”

“நான் தாங்குனேனே. அவங்களுக்கும் கொஞ்சம் நல்லா இருக்கும்னு நெனைக்கிறேன். நீயும் வா.”

படத்தைத் தூக்கப்போகிற வாரம். திரையரங்கில் ஆளே இல்லை. அம்மா குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். கத்தி வந்தபோதும் வெட்டு விழுந்தபோதும் திரையைப் பார்த்தபடியே இருந்தார். கடைசிக் காட்சி தொடங்கியதும் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் பேசத் தொடங்கினான்.

அம்மா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவில்லை.

“ஏம்மா, இவன் இவ்ளோ நேரம் பேசிக்கிட்டு இருக்கானே. சுத்தி இத்தன பேரு நிக்கிறானுங்களே. ஒருத்தன்கூட ஆம்புலன்ஸக் கூப்பிட மாட்டேங்கிறானே?”

திரையில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

“கூப்பிடச் சொல்லும்மா,” என்றார்.

அக்கா கையை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர், போ என்பதுபோலத் தலையசைத்தார். வெளியே நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு அக்கா மூச்சு வாங்கினார்.

“என் தம்பிகூட இருந்தவனுங்க எல்லாம் அவன அப்படியே விட்டுட்டு ஓடிட்டானுங்க. ரொம்ப நேரம் கழிச்சி எவனோ ஒரு வழிப்போக்கன்தான் போன் பண்ணியிருக்கான். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அத அம்மாகிட்ட நாங்க சொல்லவே இல்ல. அங்கேயே போயிட்டான்னுதான் சொல்லி வச்சிருந்தோம்.” திரையரங்கின் கதவைத் திரும்பிப் பார்த்தார். “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

அம்மா படம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். எதுவும் நடக்காததுபோல, “போலாமா?” என்றார். காடியில் திரும்பப் பாலத்தைக் கடந்தோம். புக்கிட் தெங்காவில் இறங்கியதும் பசியாறிவிட்டுப் போங்கள் என்றார் அம்மா. இன்னொரு நாள் வருகிறோம் என்றோம். அக்கா அம்மாவை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அங்கே இருவரும் நின்று ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அக்கா எந்தப் படத்துக்கும் வரவில்லை. நாடகம் பார்க்க மட்டும் என் வீட்டுக்கு வருவார். முன்னைப்போல என்னைக் கிண்டல் செய்வதும் இல்லை. தீபாவளிக்கு அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடப்போகிறார்கள் என்று விளம்பரம் வந்தபோது, நான் சட்டென்று அலைவரிசையை மாற்றினேன்.

“இருக்கட்டும், வுடு,” என்றார். பிறகு, “இப்ப நெனச்சாலும் அவன் பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்குதுடி. சுத்தி நிக்கிறவனுங்கதான் தெரியுறானுங்க,” என்றார்.

நான் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். நாடகத்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.