பத்து நாளில் பிரிந்த நாடு

பொறாமை என்றால் நகையையும் புடவையையும் பார்த்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாட்டைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது தொண்ணூற்றிரண்டில், இத்தாலியில், பலெர்மோவில்.

போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வீட்டுக்காரம்மாவிடம் துடைக்கவும் சமைக்கவும் நின்றேன். மேல்வீட்டுக் கிழவரைப் பராமரித்தவள் ஸ்லோவேனியாக்காரி. யூகோஸ்லாவியப் பாஸ்போர்ட்டில் வந்தவள். அவளுடைய நாடு அந்தக் கூட்டாட்சியை விட்டுப் பிரிந்துவிட்டது. பத்து நாள் சண்டை, அவ்வளவுதான். பிறகு இத்தாலியும் அதைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டது.

அவளோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பழைய நாட்டின் பெயரில் எடுத்த பெர்மெஸ்ஸோ இனிச் செல்லுமா, தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று பயம். தங்குவதற்கான அந்த அனுமதி இல்லாவிட்டால் எங்கள் யாருக்குமே பலெர்மோ இல்லை. அது எனக்கு நன்றாக விளங்கியது, இரக்கம்தான் வரவில்லை. தனிநாட்டுக்கென்று எங்கள் வீட்டிலிருந்து சண்டைக்குப் போன தம்பி திரும்பி வரவேயில்லை. இவள் நாடு கிடைத்த பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்!

"ஏன் பிள்ளை மூஞ்சியை நீட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார் என் அறையிலிருந்த மன்னார் அக்கா. "அவளைத் திருப்பி அனுப்பினால் உனக்கென்ன லாபம்?"

"பத்து நாளக்கா! பத்தே பத்து நாளிலை அலுவல் முடிஞ்சுது."

"அதுக்கு அவள் என்ன செய்யிறது? குவெஸ்தூராவுக்கு உன்னோடை கூட்டிக்கொண்டு போ. அந்தப் பொலிஸ் கந்தோர் உனக்குத்தானே பழக்கம்."

எனக்கும் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் தவணை வந்திருந்தது. அவள் ரோமுக்குப் போய்ப் புதுப் பாஸ்போர்ட் எடுத்து வந்ததும் இருவரும் போனோம். வரிசையில் நிற்கும்போது, இவளை ஒரு தடவையாவது அலைக்கழிக்கட்டும் என்று மனம் முணுமுணுத்தது.

அதிகாரி அலைக்கழிக்கவில்லை. நாடு பிரிந்ததால் அவளுடைய உரிமை எதுவும் போகவில்லை, பெயரை மாற்றினால் போதும் என்றார். பெர்மெஸ்ஸோவில் பழைய நாட்டின் பெயரைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினார். அவள் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது என்னுடையது. அதிகாரி பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"உங்களுக்கும் நாடு மாறிட்டுதோ?"

நக்கலில்லை. அந்த மாதங்களில் அப்படிப் பலர் வந்திருப்பார்கள்.

"இல்லை," என்றேன். "பழசையே எழுதுங்கோ."