பத்திரத்தில் இல்லாத பெயர்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். வெளியே அப்படியொரு பனி. வயல், கரண்ட் கம்பம், எதிரே வந்த லாரி எல்லாம் மங்கலாக மிதந்து போயின. விசாரணைக்குப் போகிறேன் என்பதே நிஜமாகத் தோன்றவில்லை.

கூட்டேரிப்பட்டு பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மல்லாட்டை எண்ணெய்க் கம்பெனி; நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பத்திரத்தில் டைரக்டர்கள் என் கணவரின் அண்ணனும் அண்ணியும். இருவரும் குவைத்தில். இங்கே ஆள் எடுப்பது, கொள்முதல், எந்த மெஷின் எப்போது ஓடுவது, எல்லாம் நான் சொல்வதுதான். எண்ணெய் வாசனைக்கு நடுவே ராணி மாதிரி உலவிக்கொண்டிருந்தேன்.

மல்லாட்டை உடைக்கும் மெஷினில் பெல்ட்டை மூடியிருந்த கம்பி வலை உரசி, அடிக்கடி மெஷின் நின்றது. "அதைக் கழட்டி வெச்சிட்டு ஜல்தியா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள், அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் கை பெல்ட்டில் சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

பஸ்ஸில் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: 'நான் டைரக்டர் இல்ல சார், சும்மா கூடமாட பார்த்துக்கறேன்.' குவைத்திலிருந்து கணவரின் அண்ணன் போனில் சொல்லிக்கொடுத்த வரி.

விழுப்புரத்தில், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில், அந்தப் பெண் கையில் கட்டோடு எனக்கு முன்பே வந்திருந்தாள். "டீ குடிச்சீங்களா அக்கா?" என்றாள்.

வலையைக் கழட்டச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். அவள் முந்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல சார். நானேதான் கழட்டிக்கினு ஓட்டினேன். அக்காவுக்குத் தெரியாது."

நான் தப்பித்துவிட்டேன். ஆனால் அந்த அறையே எங்கோ தூரத்தில் நகர்ந்து போவது போலிருந்தது. அவளுடைய கைக்கட்டு மட்டும் வெள்ளையாகக் கண்ணெதிரே நின்றது.

"இல்ல சார், நான்தான் சொன்னேன்" என்றது என் குரல். கூடவே, பழக்கதோஷத்தில், "ஆனா பேப்பர்ல டைரக்டர் நான் இல்ல."

அதிகாரி கோபப்படவில்லை. "பேப்பர்ல இல்லன்னா என்னம்மா? யார் சொல்லி அங்க எல்லாம் நடக்குதோ, டைரக்டரோட பொறுப்பு அவங்களுக்கும் உண்டு. பேரு இருக்கறவங்களும் தப்பிக்க முடியாது."

வெளியே வந்ததும் அவளிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என்மேல் அவ்வளவு பாசமா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

"கம்பெனிய மூடிட்டா நான் எங்க போறது அக்கா?" என்றாள்.

வழக்கு என் பெயரிலும் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். அவளுக்கு இழப்பீடு கிடைத்தது; எடை போடும் இடத்தில் வேலையும் தொடர்ந்தது. என்னை முறைப்படி டைரக்டராகச் சேர்க்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன்.

என் பேச்சை நம்பி ஒருவர் ஓடுகிற மெஷினில் கை வைக்கிறார் என்றால், என் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, எங்கே எழுதவில்லை என்று தேட எனக்கு உரிமையே இல்லை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.