நித்யஸ்ரீ கேட்ட உய்யால

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சந்தானத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கணேஷ்குமாரைப் பார்த்துப் பொறாமைப்பட அவருக்கு என்ன குறை? ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் சொந்த வீடு, எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் இன்ஜினியர் உத்தியோகம், கல்யாணமாகி மாப்பிள்ளை மாதவோடு மியாபூரில் குடித்தனம் நடத்துகிற ஒரே பெண். அதோடு, தெருவிலேயே மரவேலை தெரிந்த ஒரே மனிதர் என்ற பெயர். இந்தக் கடைசிச் சொத்தில்தான் கணேஷ்குமார் கை வைத்துவிட்டான்.

சந்தானத்தின் பட்டறை வேறெங்கும் இல்லை, வீட்டு கார் ஷெட்தான். என்றைக்காவது கார் வாங்குவோம் என்று வீடு கட்டும்போதே ஷெட்டும் கட்டினார். கார் வரவில்லை. ஸ்கூட்டர் மழையிலும் வெயிலிலும் வாசலில் நிற்க, ஷெட்டுக்குள் உளியும் ரம்பமும் இழைப்புளியும் குடியேறின. லீவு நாளில் காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் ஸ்டூல் ஆடினாலும், பூஜை அலமாரிக் கதவு இறங்கினாலும், "சந்தானம் சாரைக் கேளுங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

ஊர் முழுக்க சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று பறந்துகொண்டிருந்த காலம் அது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த கணேஷ்குமார் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தான். நல்ல பையன்தான். வந்த புதிதில் சந்தானத்தின் ஷெட்டைப் பார்த்துவிட்டு, "அருமைங்க சார், எனக்கும் ஆசையா இருக்குதுங்க" என்று வாயைப் பிளந்தான். சந்தானமும் உச்சி குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் காட்டினார். அப்புறம் அவன் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனான். திரும்பி வரும்போது பெட்டி பெட்டியாக மெஷின் வந்து இறங்கியது. சந்தானம் காலையெல்லாம் இழைத்து வேர்த்து முடிக்கிற பலகையை அவனுடைய மெஷின் ஒரு சீறலில் முடித்துத் தள்ளியது. இப்போது தெருவில் "கணேஷ் கிட்ட மெஷின் இருக்கே" என்கிறார்கள். சந்தானத்துக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

டிசம்பர் பிறந்ததும் எரிச்சலோடு குளிரும் சேர்ந்துகொண்டது. ஹைதராபாத் குளிரைப் பற்றி மெட்ராஸ்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிமெண்ட் தரையும் தகரக் கதவுமாக இருக்கிற ஷெட்டில் அவர்கள் ஒரு காலை நின்று பார்க்கட்டும். உளியின் இரும்பைத் தொட்டால் விரல் சுருக்கென்று பின்வாங்கும். ஒட்டிய பசை பிடிக்கவே பிடிக்காது. பக்கத்து ஷெட்டிலோ ஹீட்டர். ஒருநாள் அவன் அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டான். "ரெண்டு நாளைக்கு வெச்சுக்கங்க சார், எனக்கு அவசரமில்லீங்க."

"நக்கோ, நக்கோ" என்று ஹைதராபாத் பாணியில் வேண்டாமென்று கையை ஆட்டினார் சந்தானம். "குளிர்ல பண்ணினாத்தான் மரம் சொன்ன பேச்சு கேக்கும்." அப்படி ஒரு சாஸ்திரம் எங்குமே கிடையாது. அவரே அந்த நிமிஷத்தில் எழுதியது.

இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை பெண் நித்யஸ்ரீயிடமிருந்து போன் வந்தது. மனைவி கல்பகம் கோயிலுக்குப் போயிருந்தாள். நித்யஸ்ரீ இங்கேயே படித்து வளர்ந்தவள். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள். வெட்கமோ அழுகையோ வந்தால் தமிழ் சுத்தமாகப் போய்விடும். அன்றைக்கும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, "அப்பா, நாக்கு ஒக உய்யால காவாலி. நுவ்வே செய்யாலி" என்றாள். எனக்கு ஓர் உய்யால வேண்டும், நீதான் செய்து தர வேண்டும் என்கிறாள்.

உய்யால என்றால் ஊஞ்சல். இத்தனை வருஷம் தெலுங்கு பேசிய மனிதருக்கு இது தெரியாதா? பக்கத்து வீட்டு மெஷினைக் கேட்காமல் பெண் தன்னைக் கேட்டுவிட்டாள் என்பதிலேயே அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பண்ணிட்டாப் போச்சு. எவ்ளோ வெயிட் தாங்கணும்?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "இப்போ கொஞ்சம்தாம்ப்பா இருக்கும்."

"மாட்டறதுக்குக் கொக்கி இருக்கா?"

"பெட்ரூம்ல இருக்கு."

பெட்ரூமில் ஊஞ்சலா என்று ஒரு கணம் தோன்றியது. ஃப்ளாட்காரர்களின் ரசனை அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். "அந்தக் கணேஷ்குமார் வாயடைச்சு நிக்கற மாதிரி பண்றேன் பாரு" என்றார். அவள் சுரத்தில்லாமல் சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் கல்பகம் முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். "நித்யா சொல்லிட்டா. உங்ககிட்டயும் சொல்லிட்டாளாமே. பொங்கல் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேங்கோ. கண்ணு பட்டுடும்."

ஊஞ்சலுக்குப் போய்க் கண்ணு படுமா என்று சந்தானம் முதலில் யோசித்தார். அப்புறம் சுரீரென்று உறைத்தது. ஆமாம், பக்கத்து வீட்டுக் கண். பார்த்தானானால் அதே மாதிரி ஒன்றை மெஷினில் ஓட்டி முந்திக்கொள்வான். கல்பகத்தின் புத்தியை மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அன்றிலிருந்து ஷெட்டுக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருந்தது. பலகையின் மேல் பழைய போர்வை. கல்பகம் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, மரத்தூள் பட்டால் அவளுக்கு அடுக்குத் தும்மல்.

இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்களைத் தேடி வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, ஒட்டினார். குளிரில் பசை விட்டுப்போய் பலகை நடுவில் வாயைப் பிளந்தது. மறுபடி ஒட்டி, அதன் மேல் குண்டு பல்பை எரியவிட்டு, தன் கம்பளியையே போர்த்திவிட்டு, இருமிக்கொண்டே படுத்தார். நாலு ஓரத்திலும் மாங்காய்க் கொடி செதுக்கினார். விரல் மரத்துப்போய் உளி இரண்டு தடவை கையைப் பதம் பார்த்தது. பக்கத்து மெஷினின் சீறல் கேட்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி, "கத்து, கத்து" என்று முணுமுணுத்தார். ஒருநாள் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். கணேஷ்குமார் ஒரு தொட்டில் செய்துகொண்டிருந்தான். ஈரோட்டில் அவன் தங்கைக்குப் பிரசவ நேரமாம். தொட்டில்தானே, தொலையட்டும் என்று இறங்கி வந்தார். ஆனாலும் அதன் கம்பிகள் ஒன்றுபோல் வழவழவென்று இருந்தது அன்றைக்கு முழுக்க அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

சங்கராந்திக்கு நித்யஸ்ரீ வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நேராக வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து ஷெட் திறந்திருந்தது, உள்ளே தொட்டில் வார்னிஷ் பளபளப்போடு நின்றது. அங்கேயே போய்விட்டாள். சந்தானம் தன் ஷெட்டு வாசலில் நின்று சுவருக்கு மேல் பார்த்தார். பெண் அந்தத் தொட்டிலை மெல்லத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தான் செய்த எதையும் அவள் அப்படித் தடவி அவர் பார்த்ததில்லை. என் பெண், என் வீட்டு வாசலில் இறங்கி, அவன் சாமானை முதலில் பார்க்கிறாளே!

"சூப்பரா இருக்குண்ணா" என்றாள் நித்யஸ்ரீ. "எங்கப்பாவும் எனக்கு ஒரு உய்யால பண்றார்."

"உய்யாலன்னா என்னங்க?" என்றான் கணேஷ்குமார். "எனக்குத் தெலுங்கு இன்னும் பிடிபடலீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு தொட்டிலை லேசாக ஆட்டிவிட்டாள். "இதுதாண்ணா. உங்க தமிழ்ல தொட்டில்."

"அட! வாழ்த்துக்களுங்க!"

சந்தானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஊஞ்சலுக்கும் உய்யால, தொட்டிலுக்கும் உய்யால. அவருக்கு இது தெரியாததல்ல. பாலவாடிப் பாட்டு முதல் பக்கத்து வீட்டுத் தாலாட்டு வரை கேட்டுப் பழகிய வார்த்தை. வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகாத ஒருவன் 'என்னங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொண்டான். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் ஷெட்டுக்குள் போய்ப் போர்வையை இழுத்துப் பலகையை மூடப் பார்த்தார். பலகை நீளம், போர்வை எட்டவில்லை. அதற்குள் நித்யஸ்ரீ வந்துவிட்டாள். மாங்காய்க் கொடியைப் பார்த்தாள், சங்கிலி மாட்ட நாலு மூலையிலும் போட்டிருந்த துளைகளைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு விளங்கியது.

"நீ ஊஞ்சல்னு நினைச்சியாப்பா?"

வாழ்த்துச் சொல்ல வேண்டும், தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தெரிகிறது. வாயில் வந்ததோ வேறு. "அந்தக் கணேஷ்குமாருக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவருக்கு இப்பதானே தெரியும்?" என்றாள் அவள். "மாதவ் அன்னிக்கு ஆபீஸ் வேலையா அமெரிக்கால இருந்தார், அங்கே ராத்திரி, தூங்கிண்டிருந்தார். அம்மா வீட்ல இல்லைன்னு தெரிஞ்சுதான் போன் பண்ணினேன். உங்கிட்டதாம்ப்பா முதல்ல சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி. நீ வெயிட் கேட்டே, கொக்கி கேட்டே. என்னை ஒண்ணுமே கேக்கலை. எங்கப்பாவுக்கு சந்தோஷமே இல்லைன்னு நினைச்சு அன்னிக்கு ஃபுல்லா அழுதேன்."

சந்தானம் அவள் கையைப் பிடித்தார். பசை காய்ந்த விரல்களும் கட்டுப்போட்ட விரலுமாகத் தன் கை அவளுக்கு உறுத்துமே என்று தோன்றியும் விடவில்லை. "இங்கே நிக்காதேம்மா, குளிர்றது, உள்ளே வா" என்றார்.