எக்கார்ட்டின் அறைக்கு ஒரு வால்வு

ரோஸ்வித்தாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது, தேவையில்லாமல் நடக்காதே என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்குள் ரோந்து போவதை நிறுத்தவில்லை. எழுந்ததும் குளியலறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகை நாலுக்கு வைப்பாள். காபி இறங்குவதற்குள் சமையலறைக்கு மூன்று. குளித்து முடித்ததும் குளியலறையை ஒன்றுக்கு இறக்கிவிட்டுக் கூடத்தை ஏற்றுவாள். படுக்கையறைக்கு எப்போதும் ஒன்றுதான். படுக்கிற இடம் சில்லென்று இருக்க வேண்டும் என்பதில் கெம்னிட்ஸ் நகரத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. போகிற வழியில் ஒவ்வொரு ரேடியேட்டரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

கடைசியில் சின்ன அறை. அங்கேதான் அவள் புருஷன் எக்கார்ட் இருப்பான். அங்கேதான் அவளுக்கு ரத்தம் கொதிக்கும்.

எக்கார்ட் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மகள் மான்யா கல்யாணமாகி லைப்ஸிக் போனதும் அவளுடைய அறையைப் பிடித்துக்கொண்டான். கட்டடத்துக்குக் கீழே டிராம் வளைந்து திரும்புகிற இடம். சன்னலின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்துத் திறந்துவைத்து, நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எந்த ஓட்டுநர் பிரேக்கை எப்படிப் பிடிக்கிறான் என்று காதால் கேட்டு மார்க் போடுவதுதான் அவன் இப்போது பார்க்கும் வேலை.

"கேட்டியா? சக்கரத்த அறுக்கிறான். பன்னி."

"சன்னல மூடுய்யா. ரேடியேட்டர் எரியுது, நீ தெருவுக்குச் சூடு போட்டுட்டு இருக்க."

"புழுக்கமா இருந்துச்சு."

அவள் திருகைக் குறைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் அறை குளிர்ந்திருக்கும், அவன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் திருகை ஏற்றிவிட்டுப் போவாள். நாள் பூராவும் இதே கூத்து.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் இந்த நாலாம் மாடி வீடு அவர்களுக்குக் கிடைத்தபோது ரேடியேட்டர்களுக்குத் திருகே கிடையாது. ஊருக்கு வெளியே கொதிகலன் எரியும், சுடுதண்ணீர் குழாய் வழியாக வரும், மொத்தக் கட்டடமும் ஒரேயடியாகச் சுடும். அதிகமானால் சன்னலைத் திறக்க வேண்டியது, ஆறினால் மூட வேண்டியது. அந்தத் தலைமுறைக்குச் சன்னல்தான் திருகு. பிறகு இரண்டாகக் கிடந்த நாடு ஒன்றானது, கட்டடத்தைப் பழுதுபார்த்தார்கள், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எண் போட்ட திருகு வந்தது. ரோஸ்வித்தா அன்றைக்கே அதைக் கைப்பற்றிக்கொண்டாள். எக்கார்ட் இன்றுவரை ஒரு திருகைத் தொட்டதில்லை. சன்னல் அவனுடையது, திருகு அவளுடையது. அப்படியே குடித்தனம் ஓடிவிட்டது.

போன குளிர்காலத்தில் அவள் இரண்டு நாள் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது பழக்க தோஷத்தில் சின்ன அறைத் திருகைக் குறைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது எக்கார்ட் கோட்டு, தொப்பி, கழுத்துத் துணியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரல் இன்னொரு குளிரைத் தாங்காது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வசந்த காலத்தில் நடக்க வேண்டிய அவளுடைய முழங்கால் அறுவைச் சிகிச்சை அதனால் தள்ளிப்போனது. இப்போது நவம்பரில் மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, பிறகு மலையடிவாரத்தில் காலைப் பழக்குகிற மறுவாழ்வு இல்லம், எல்லாம் சேர்த்து ஒரு மாதம் வீட்டில் இருக்கமாட்டாள். இந்தத் தடவையும் ஒத்திப்போட்டால் வரிசையில் கடைசிக்குத்தான் போக வேண்டும். அதற்குள் கால் மடங்காமலே போய்விடும். லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி வேறு.

"அப்பாவ லைப்ஸிக் கூட்டிட்டுப் போறேன்மா" என்றாள் மான்யா.

"வரமாட்டேங்கிறான். அங்க டிராம் சத்தம் வேற மாதிரி இருக்காம்."

"அப்ப ரேடியேட்டருக்கெல்லாம் ஸ்மார்ட் வால்வு போடு. ஒவ்வொரு ரூமும் தானா ஏறும், தானா இறங்கும். நீ படுத்துக்கிட்டே போன்ல பாக்கலாம், மாத்தலாம்."

அன்றிலிருந்து ரோஸ்வித்தாவுக்கு வேறு நினைப்பு இல்லை. கட்டுமானச் சாமான் கடையில் அந்த வரிசை முன்னால் நொண்டிக்கொண்டே போனாள், வந்தாள். கடைக்காரப் பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"இது மலிவும்மா. ஆனா வீட்டுக்குள்ள இருந்தாதான் போன்ல பிடிக்கும்."

"நான் ஊர்ல இல்லாதப்பதான் வேணும். தூக்கி உள்ள வை."

"இது அழகா இருக்கும். திருகே கிடையாது, எல்லாம் போன்லதான்."

"வீட்ல இருக்கிற ஆளுக்குக் கையால திருப்ப ஒண்ணு வேணும்பா. அவன் திருப்பமாட்டான். இருந்தாலும் இருக்கணும். சத்தம் போடுமா? விடியக்காலைல படுக்கையறைல கர்ர்னு மோட்டார் ஓடுச்சுன்னா பிடுங்கி எறிஞ்சிடுவேன்."

மூன்றாவது பெட்டிக்குத் திருகு இருந்தது, எண் மேல்பக்கம் தெரிந்தது, குனிய வேண்டாம். சத்தம் கம்மி. பழைய குழாயில் பொருந்த இடையில் போடுகிற வளையமும் உள்ளேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பியவளைப் பையன் இன்னொரு வார்த்தை சொல்லி நிறுத்தினான்.

"சன்னல் திறந்தா இதுக்குத் தெரியும்மா. தானா சூட்ட நிறுத்திடும்."

ரோஸ்வித்தாவின் கண் விரிந்தது.

"லேசாச் சாய்ச்சா?"

"லேசாச் சாய்ச்சா சில நேரம் ஏமாந்துடும். நிச்சயமாத் தெரியணும்னா இத வாங்கி சன்னல் சட்டத்துல ஒட்டுங்க. விரலளவு விலகினாக்கூட வால்வுக்குச் சொல்லிடும். மூடுற வரைக்கும் சூடு வராது."

சின்ன வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. ரோஸ்வித்தா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாயால் கத்திச் சாதிக்காததை இது வாயே இல்லாமல் சாதிக்கப் போகிறது. வாங்கினாள்.

மான்யா ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் மாட்டினாள். எக்கார்ட் ஓரமாக நின்று பார்த்தான்.

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்பா."

"அது எனக்கு நல்லா வரும்."

வால்வுகள் சொன்னபடி நடந்தன. காலையில் குளியலறை தானாகச் சூடேறியிருந்தது, கூடம் தானாக இறங்கியது. திருப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் ரோஸ்வித்தாவின் கைதான் அரித்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் சும்மா நடந்தாள், தொட்டாள், சரியாக இருந்தது, மறுபடி நடந்தாள். அவள் இருக்கும்போது எக்கார்ட்டும் அடங்கியிருந்தான். சன்னலைத் திறந்தால் பின்னாலேயே வந்து நின்று மூட வைத்தாளே.

"நீ நிக்கிற வரைக்கும் சோதனையே இல்லம்மா" என்றாள் மான்யா போனில். "ஒரு மத்தியானம் வெளிய போய்ப் பாரு."

கீழ்த்தளத்தில் கிட்டா இருக்கிறாள், பழைய சிநேகிதி, பள்ளிக்கூட உணவகத்தில் கூட வேலை பார்த்தவள். அவள் ஐயர்ஷெக்கெ கேக் சுட்டிருந்தாள். ரோஸ்வித்தா மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சின்ன அறை இருபத்தொண்ணு" என்று படித்தாள்.

"சந்தோஷம். கேக்கச் சாப்பிடு."

ஒரு வாய் போட்டாள். போன் டிங் என்றது. சன்னல் திறந்துள்ளது, சூடேற்றம் நிறுத்தப்பட்டது.

"திறந்துட்டான். பாரு, இப்ப குளிரும், அவனே மூடுவான். கத்துக்குவான்."

"இந்த வயசுலயா?"

இருபது என்று காட்டியது. பிறகு பத்தொன்பது. ரோஸ்வித்தா எழுந்து கிட்டாவின் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது என் ரேடியேட்டர்டி. அத விடு. உக்காரு."

உட்கார்ந்தாள். பதினெட்டு. காபி ஆறிப்போனது. சன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தாள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பதினேழு. "மூடுவான்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. மறுபடி "மூடுவான்" என்றாள்.

"நீ இங்க ஒரு மத்தியானம் உக்கார முடியல. ஒரு மாசம் அங்க என்னடி பண்ணப் போற? கட்டுப்போட்ட காலோட எழுந்து ஓடி வரப்போறியா?"

பதினைந்து என்று காட்டியதும் அவள் கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் கத்தியது.

எக்கார்ட் கோட்டு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. சன்னல் சாய்ந்தபடியே இருந்தது. அவன் இருமினான், போன குளிர்காலத்து அதே இருமல். சன்னலை அறைந்து மூடினாள்.

"பைத்தியமாய்யா நீ? குளிருது இல்ல? மூட வேண்டியதுதானே?"

"சூடு வரும்னு பாத்துட்டு இருந்தேன்."

"சன்னல் திறந்திருந்தா எப்படி வரும்?"

"எப்பவும் வரும். கொஞ்சம் குளிரும், அப்புறம் தானா ஏறும். இத்தன வருஷமா அப்படித்தான். இந்தப் புது மிஷின் கெட்டுப்போச்சு."

ரோஸ்வித்தா அவனையே பார்த்தாள்.

"தானா ஏறலய்யா. நான் வந்து ஏத்துவேன்."

"நீயா?"

"பின்ன யாரு? ஒரு நாளைக்கு எத்தன தடவ வந்து குனிஞ்சு எழுந்திருக்கேன். என்னன்னு நெனச்ச?"

எக்கார்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "நீ தூசி தட்ட வரேன்னு நெனச்சேன்" என்றான். கிண்டல் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தாமல் அவனுக்கு உருளைக்கிழங்கு சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள். சமையலறையில் நிற்க முடியாமல் கூடத்துக்குப் போனாள், கூடத்தில் முடியாமல் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ரத்து செய்துவிடலாம் என்று எண்ணைக்கூடத் தேடி எடுத்தாள். போனை எடுத்த கையோடு மான்யாவைத்தான் கூப்பிட்டாள்.

"அவனுக்கு இது பாடம் சொல்லித் தரும்னு வாங்கினேன்டி. பாடம் கத்துக்கிறதுக்குள்ள செத்துருவான்."

"அந்த வெள்ளத் துண்ட எடுத்துடும்மா. வால்வோட சன்னல் பாக்கிற வேலையையும் நான் இங்கேருந்தே அணைச்சிடுறேன். அப்புறம் சன்னல் திறந்தா அதுக்குத் தெரியாது. ரூம் குளிருதுன்னு மட்டும் நெனச்சு முழுசா எரிக்கும்."

"தெருவுக்குச் சூடு போடவா?"

"ஆமா. தெருவுக்குத்தான்."

வாழ்நாள் முழுக்க எதை நிறுத்தப் பாடுபட்டாளோ, அதையே மிஷின் வைத்துச் செய்யச் சொல்கிறாள் பெண். ரோஸ்வித்தா போனை வைத்தாள். வெண்ணெய்க் கத்தியை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனாள். வெள்ளைத் துண்டு நன்றாக ஒட்டியிருந்தது, பெயர்க்கும்போது சட்டத்தின் பெயிண்டும் கொஞ்சம் கூட வந்தது. எக்கார்ட் சூப்புக் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன?"

"கோள் சொல்லி. உன்னப் பத்தி."

"நல்லவேள எடுத்த."

"சன்னலத் திற. என்ன வேணா பண்ணு. ஆனா இருமினா மான்யாவுக்குப் போன் பண்ணணும். புரியுதா?"

"புரியுது."

ஆஸ்பத்திரிக்கு அவள் குறித்த தேதியில் போனாள்.

மறுவாழ்வு இல்லத்தில் அவளைச் சமாளிக்க முடியாமல் பயிற்சி தருகிற பெண் திணறினாள். உட்காரச் சொன்னால் எழுந்தாள், காலை உயர்த்திப் படுக்கச் சொன்னால் ஊன்றுகோலோடு தாழ்வாரத்தில் இருந்தாள். ஊன்றுகோலில்லாத நேரமெல்லாம் கையில் போன். குளியலறை, சமையலறை, கூடம், படுக்கையறை, எல்லாம் அதனதன் எண்ணில். சின்ன அறையும் இருபத்தொன்றிலிருந்து இறங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சதவீதத்தில் இன்னொரு எண். அது எப்போதும் நூறு. பகல் பூராவும் நூறு. பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் நிம்மதியும் இருந்தது. நூறு என்றால் சன்னல் திறந்திருக்கிறது, சன்னல் திறந்திருந்தால் அவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு நாள் மத்தியானம் நூறு இருபதாக இறங்கியது.

வால்வு கெட்டதா, பேட்டரி தீர்ந்ததா, அவன் விழுந்துவிட்டானா என்று ஒரே நேரத்தில் மூன்றும் அவள் தலைக்குள் ஓடின. பயிற்சியை நடுவில் விட்டுவிட்டுப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"ஏன்யா, என்ன ஆச்சு அங்க?"

"என்ன ஆச்சு?"

"சின்ன அறைல வால்வு இறங்கிடுச்சு. சன்னல் என்ன ஆச்சு?"

"மூடியிருக்கு."

"யாரு மூடினா?"

"நான்தான். சன்னல் காத்து குளிருச்சு" என்றான் எக்கார்ட். "கொஞ்ச நேரம் பாத்தேன். நீ வரல. மூடினேன்."

"இருமல் இருக்கா?"

"இல்ல."

"மூச்ச இழுத்து விடு. நான் கேக்கணும்."

அவன் இழுத்து விட்டான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். சீட்டி அடிக்கவில்லை, கரகரக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள்.