பிழையான வீட்டில் புட்டு

வெயில் ஏற ஏறத் தண்டவாளத்துச் "சிலிப்பர்க்கட்டை"களில் ஊறியிருந்த தார் இளகி மணக்கும். அந்த மணத்துக்குள்தான் நான் பிறந்து வளர்ந்தேன். மட்டக்களப்புப் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் எங்கள் "குவாட்டர்ஸ்" இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, எல்லா வீடுகளையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போயிருந்தான். ஒரே ஓடு, ஒரே செங்காவிக் கதவு, அடுப்படியும் ஒரே மூலையில்.

கார்ட் வேலை பார்த்த என் அப்பா, கொழும்பிலிருந்து மெயில் வண்டியோடு விடியற்காலையில் வந்து இறங்கும்போது பாதித் தூக்கத்தில் இருப்பார். அப்படி ஒருநாள் நேரே பக்கத்து வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அது ஏறாவூரிலிருந்து வந்த, வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பொயின்ற்ஸ்மன் ஒருவரின் வீடு. என் தோழி ரிஹானாவின் வாப்பா அவர். வாப்பா கடைக்குப் போயிருந்தார். சாப்பிட உட்கார்ந்துவிட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்ட அவள் உம்மா, திரைக்குப் பின்னால் நின்றபடியே புட்டும் சொதியும் நீட்டினாராம். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்குச் சொதி நல்லாரிக்கு" என்றாராம்.

உம்மா வேலிக்கு ஓடிவந்து என் அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒங்கட மனிசன் எங்கட ஊட்டில புட்டுத் திண்டுட்டு இரிக்கார்!"

அப்பா வீடு மாறிப் போனதை அம்மா அன்றைக்கே மன்னித்துவிட்டார். சொதியைத்தான் மன்னிக்கவில்லை. "எண்ட சொதிய ஒரு நாளும் நல்லாரிக்கெண்டு சொன்னதில்ல" என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினார். அப்பா இனியும் வீடு மாறாமலிருக்க, அடுத்த வாரமே எங்கள் வாசலில் அடையாளத்துக்கு, சிவப்பாய்க் காய்க்கும் ஜம்புக் கன்று ஒன்று முளைத்தது. உம்மா தன் வாசலில் நாவல் நட்டார். பிறகு குவாட்டர்ஸ் முழுக்க அதே கதைதான். இலக்கங்களை மறந்து "ஜம்பு வீடு", "நாவல் வீடு" என்றே எல்லோரும் சொல்லத் தொடங்கினோம்.

இப்போது அந்த இடத்தைத் துப்புரவாக்கி வாகனத் தரிப்பிடம் கட்டப் போகிறார்கள். அங்கே வளர்ந்த நாங்கள் சிலர் போய்க் கேட்டதில், கூரையோடு எஞ்சி நிற்கும் ஒரேயொரு வீட்டைக் குவாட்டர்ஸின் நினைவாக விட்டுத்தரவும், அதில் குடியிருந்தவரின் பெயரைப் பலகையில் போடவும் சம்மதித்தார்கள். மரங்களெல்லாம் எப்போதோ சூறாவளியில் விழுந்துவிட்டன. ஆனாலும் அது எங்கள் வீடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் பெயரைப் பலகையில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

போன வாரம் பார்க்க வந்தவர்களுக்கு, "இதுதான் அம்மாட அடுப்படி, இந்த ஆணியிலதான் அப்பா சட்டை மாட்டுவார்" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ரிஹானா வாசலில் படர்ந்திருந்த கொடிகளை விலக்கிக்கொண்டிருந்தாள். அடியில் முறிந்த அடிமரம் ஒன்று துளிர்த்திருந்தது. ஒரு துளிரைக் கசக்கி முகர்ந்து பார்த்து, என் மூக்கருகே நீட்டினாள். நாவல்.

"புள்ள, இது எங்கட ஊடுகா! ஒண்ட அப்பாவப் போல நீயும் பிழையா வந்து பூந்திரிக்காய்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில், எங்கள் வீடு இருந்த இடத்தில், வெறும் சிமெந்துத் தரை மட்டும் கிடந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

பலகையில் ரிஹானாவின் வாப்பா பெயரைப் போட்டிருக்கிறோம். திறப்பன்று புட்டும் சொதியும் அவள் கொண்டுவருகிறாளாம். இப்போது தண்டவாளத்தில் கொங்கிறீற்றுக் கட்டைகள். தார் மணம் இல்லை. மெயில் வண்டி மட்டும் விடியற்காலையில் வந்துகொண்டிருக்கிறது. வாப்பாவின் பெயருக்குக் கீழே ரிஹானா தானாகவே இன்னொரு வரி எழுதுவித்திருக்கிறாள்: "அடுத்த வீட்டுக் கார்ட் ஐயா சாப்பிட்ட வீடு."