ரேடியோவுக்கு வைத்த பொட்டு

எனக்குச் சினிமா பிடிக்கும் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள் படத்துக்குப் போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கறம்பக்குடி டெண்டுக் கொட்டகையில் திரையில் அம்மன் தோன்றியபோது யாரோ சூடம் கொளுத்தினார்கள். மணலை விட்டு எழுந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோயிலில் நிற்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ராஜா ராணிப் படத்தில் கத்திச் சண்டை வந்தால் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவேன். சிரிப்பு நடிகர்கள் பெரியவர்களைக் கேலி பண்ணுவது எனக்கு ஆகாது. உயிர் போகிற நேரத்தில் ஒருத்தி முழுப் பாட்டும் பாடிவிட்டுச் சாவதை மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் தெருப் பெண்களில் படத்துக்குப் போக வாய்த்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் கறம்பக்குடிக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். திரும்பி வந்து நான் கதை சொல்ல வேண்டும். கடலை பறிக்கிற காலத்தில் செடிகளைக் கட்டுக்கட்டாக என் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கை செடியில் இருக்கும், காது என்னிடம் இருக்கும். "அப்பறம் என்னாச்சு, சொல்லு தாயி" என்று அவர்கள் பதறுகிற இடத்தில் நான் வேண்டுமென்றே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது?

ஒன்று மட்டும் செய்வேன். படத்தில் செத்துப்போகிற பெண்ணை என் கதையில் சாகவிட மாட்டேன். அம்மன் விபூதி கொடுப்பாள், அவள் கண் விழிப்பாள். அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து இரண்டாம் வருஷம் என் கொழுந்தன் மலேயாவிலிருந்து லீவில் வந்தார். அவர் கொண்டுவந்த ரேடியோப் பெட்டி அடுத்த வீட்டில், அவர் பெண்டாட்டியான என் ஓரகத்தியின் கூடத்தில் ஏறி உட்கார்ந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கொழுந்தன் அவளுடைய குங்குமச் சிமிழை வாங்கி, ரேடியோ முள் ஓடுகிற கண்ணாடியில், தமிழ் பேசுகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். "முள்ளு இந்தப் பொட்டுக்கு நேரா நிக்கணும். தாண்டித் திருப்புன, பெட்டி ரிப்பேராயிரும்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் ஒரு படத்தின் பேச்சையும் பாட்டையும் முழுசாகப் போட்டார்கள். கடலைக் கட்டெல்லாம் அவள் வாசலுக்குப் போனது. நான் சொன்ன படம்தான் அது. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏந்தாயி, அந்தப் புள்ள செத்துல்ல போகுது! நீ என்னமோ எந்திரிச்சுக் கும்புட்டுச்சுன்னு சொன்ன? பாதிப் படத்துல தூங்கிட்டியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. "அக்கா சொன்னது நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. என்னை விட வயதில் சின்னவள், ஒரு படம் பார்க்காதவள், எனக்குப் பரிந்து பேசுகிறாள்! அடுத்த மூன்று ஞாயிறும் என் வாசலுக்கு யாரும் வரவில்லை. விளக்கேற்றிக் கும்பிடும்போதுகூட அந்தப் பெட்டி ஞாபகம்தான். கரண்டு போகட்டும் என்று வேண்டினேன். சாமியிடம் கேட்கிற வரமா அது?

சரஸ்வதி பூசை வந்தது. ஓரகத்தி அன்று தூரமாக இருந்தாள், பூசைப் பொருளைத் தொட முடியாது. கொல்லைப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ரேடியோவையும் தொடச்சுப் பொட்டு வச்சுருங்க. அவுக வச்ச எடத்துலயே வச்சுருங்கக்கா."

துடைத்தேன். பழைய பொட்டு துணியோடு வந்துவிட்டது. புதுப் பொட்டை இரண்டு விரல்கடை தள்ளி வைத்தேன். குமிழைத் திருப்பி முள்ளையும் அதற்கு நேராக நிறுத்தினேன். சூடம் காட்டி, கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் தலைக்குக் குளித்து வந்து ரேடியோவைப் போட்டாள். இரைச்சலும், நடுவில் எவனோ புரியாத பாஷையில் பேசுவதும் என் வீடுவரை கேட்டது. அந்த ஞாயிறு பெண்கள் என் வாசலுக்கு வந்தார்கள். கதை சொன்னேன், வெகு நன்றாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ஓரகத்தி ஈரப் புடவையோடு தெருவில் இறங்குகிறாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"திருவரங்குளத்துக்குக்கா. அம்பாளுக்கு வேண்டிக்கிட்டேன், நடந்தே வாரேன்னு."

"அம்புட்டுத் தூரமா? என்ன வேண்டுதல்?"

ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அவுக வச்ச பொட்டுக்கா அது. என் குங்குமத்துல வச்சது. அதுல பேச்சு நின்னுபோச்சு. இந்த மாசம் காயிதமும் வரல. அவுகளுக்கு அங்கிட்டு ஏதும் ஆயிருச்சோ என்னமோ."

நான் தள்ளி வைத்தது ரேடியோப் பொட்டு. அவள் அதைத் தன் நெற்றிப் பொட்டாக எடுத்துக்கொண்டாள். இதை எப்படி யோசிக்காமல் போனேன்? நானும் தாலி கட்டிக்கொண்டவள்தானே.

நடுத்தெருவிலேயே சொன்னேன். "அவருக்கு ஒண்ணும் ஆகலடி. பொட்ட நாந்தான் தள்ளி வச்சேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

அவள் என்னை ஏசவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். "சோத்துக்கைப் பக்கம், ரெண்டு வெரக்கட" என்றேன். வீட்டுக்குள் போனாள். திருகுகிற சத்தம், இரைச்சல், பிறகு கணீரென்று தமிழ். உடனே நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "நேந்தது நேந்ததுதான்" என்று என் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டுத் திருவரங்குளத்துக்கு நடந்தாள்.

கொழுந்தன் கடிதம் பத்து நாளில் வந்தது. அவர் சௌக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் அவள் என்னோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மறுபடி அவள் கூடத்தில் கூடினார்கள். நான் என் வாசலில் தனியாகக் காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். படம் ஆரம்பித்ததும் அவள் எழுந்து ரேடியோவின் சத்தத்தை ஏகத்துக்கும் கூட்டினாள். என் வீட்டுக்குள்ளே பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எனக்கும் கேட்கட்டும் என்று கூட்டினாளா, என்னைக் குத்துவதற்குக் கூட்டினாளா, தெரியாது. இன்றுவரை அவளிடம் நான் கேட்டதில்லை. முழுப் படத்தையும் இருந்து கேட்டேன். நான் சொல்வதைவிட நன்றாகத்தான் இருந்தது. அதுவும் வயிற்றெரிச்சலாக இருந்தது.